அக்கா போட்ட கையெழுத்து

ஓய்வுபெற்ற வக்கீலுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். காலையில் கொஞ்ச தூரம் நடை. வந்ததும் பேப்பர். அதன்பிறகு, "வீட்டை அடைச்சுக்கிட்டு இந்தக் காகிதக் கட்டெல்லாம் எதுக்கு?" என்று மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது. 1976-ல் கோட்டு மாட்டியவன், 2020-ல் கழற்றினேன். நாற்பத்து நாலு வருஷம் நாகர்கோவில் கோர்ட்டில் பேசித் தீர்த்தாயிற்று. இப்போது வீட்டில் பெரும்பாலும் எதிர்த்தரப்பு வாதம் கேட்பதோடு சரி.

போன மாசம் ஒருநாள், பெட்டியை ஒழிக்க எனக்கு ஒரு நியாயமான காரணம் கிடைத்தது. மகன் பெங்களூரிலிருந்து போன் செய்திருந்தான்.

"அப்பா, வீட்டுப் பத்திரத்தை எல்லாம் ஒருதடவை எடுத்துப் பாத்து வச்சிருங்க. உயில் ஏதாவது எழுதுறதா இருந்தா எழுதிருங்க. தங்கச்சிகிட்டயும் ஒரு கையெழுத்து வாங்கிட்டா பின்னால வம்பு இல்ல பாருங்க."

அவனைக் கெட்டவன் என்று நினைத்துவிடாதீர்கள். நல்ல பையன். தங்கை என்றால் உயிர். தன் கூட்டாளிகள் வீட்டில் நடந்ததைப் பார்த்துவிட்டுச் சொல்கிறான். நானும் "சரிடே" என்றேன். சுசீந்திரத்துக்குப் பக்கத்தில் அப்பா கட்டின வீடு இது. பதினாலு சென்ட். படிப்புரை, அரங்கு, அடுக்களை, புறவாசலில் கிணறு, நாலு தென்னை, ஒரு மூடு மட்டிவாழை. அவ்வளவுதான் ஆஸ்தி.

அரங்கில் இருந்த தகரப் பெட்டியை இழுத்துத் திறந்தேன். விடுமுறைக்கு வந்திருந்த பேத்தியும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். கறுத்துப்போன ஒரு பிரமாணத்தை எடுத்துத் தலைப்பை எழுத்துக்கூட்டி வாசித்தவள், "தாத்தா, 1103-னு போட்டிருக்கு. சோழர் காலமா?" என்றாள்.

சிரித்துவிட்டு விளக்கினேன். இது கொல்லம் ஆண்டு. நாங்கள் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், திருக்கொச்சி என்று அந்தப் பக்கம் இருந்தவர்கள். அன்றைக்குத்தான் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நாலு தாலுகாவும் சென்னை மாகாணத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆனது. அதனால் இங்கே பழைய பத்திரம் எதை எடுத்தாலும் கொல்லம் ஆண்டுதான். 825-ஐக் கூட்டினால் இங்கிலீஷ் வருஷம் வரும். ஆவணியிலிருந்து டிசம்பர் முடிய உள்ள தேதி என்றால் 824. ஆக 1103 என்பது 1927-28.

"அது என்ன பத்திரம் தாத்தா?"

"பாகப் பத்திரம். உன் பாட்டன், பூட்டன் எல்லாம் சொத்தைப் பிரிச்சுக்கிட்டது."

அந்தப் பாகப் பத்திரத்துக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. இளைய வாசகர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அந்தக் காலத்தில் நாஞ்சில் நாட்டு வேளாளர் குடும்பங்களில் பலவற்றில் மருமக்கள் வழி இருந்தது. ஒரு மனிதன் சேர்த்த சொத்து அவன் மகனுக்குப் போகாது, உடன்பிறந்தாளின் பிள்ளைகளுக்குப் போகும். குடும்பத்தில் மூத்த ஆண்தான் காரணவர். சாவி அவர் இடுப்பில் இருக்கும். கட்டின மனைவிக்கும் பெற்ற பிள்ளைக்கும் 'உகந்துடைமை' என்று ஏதோ கொஞ்சம். புருஷன் கண்ணை மூடினால், அவள் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு படியிறங்க வேண்டியதுதான்.

தேரூர்க்காரரான கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இதைப் பார்த்துப் பொறுக்காமல்தான் 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' எழுதினார். ஒரு காரணவருக்கு ஐந்தாவது மனைவியாக வாழ்க்கைப்பட்டவள் தன் கதையைத் தானே சொல்வதுபோல எழுதியிருப்பார். படித்தால் சிரிப்பு வரும். சிரித்து முடித்ததும் தொண்டையில் ஏதோ அடைக்கும். பலரும் போராடி, கடைசியில் கொல்லம் 1101-ல், அதாவது 1926 வாக்கில், திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வேளாளர்களுக்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தது. குடும்பச் சொத்தைப் பாகம் பிரிக்கலாம், மனைவி மக்களுக்கும் உரிமை உண்டு என்று ஆயிற்று. அதற்கு இரண்டு வருஷம் கழித்து எழுதினதுதான் பேத்தி கையிலிருந்த பத்திரம்.

அதை வாங்கி மடித்து வைத்தேன். அடியில் இன்னொன்று கிடந்தது. அவ்வளவு பழசு இல்லை. 1983. விடுதலைப் பத்திரம். பார்த்த உடனே தெரிந்துவிட்டது. வாசகம் என்னுடையது. கடைசியில் அக்காவின் கையெழுத்து.

அப்பா 1982-ல் போனார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். அக்கா, நான், தம்பி என்று மூன்று பேர். அப்பா உயில் எதுவும் எழுதவில்லை. வீடும் வயலும் அவர் சொந்தச் சம்பாத்தியம். சட்டப்படி மூன்றில் ஒரு பங்கு அக்காவுக்கு. 1956-லேயே இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்துவிட்டது. அப்பன் உயில் எழுதாமல் இறந்தால், அவன் சொந்தச் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் ஒரே அளவு பங்கு. கல்யாணம் ஆனவள், ஆகாதவள் என்ற பேச்சே கிடையாது. நகை போட்டோம், சீர் செய்தோம் என்று அதில் கழிக்கவும் முடியாது. இது எனக்குத் தெரியாதா? கட்சிக்காரர்களுக்கு மணிக்கணக்கில் விளக்கியவன்தானே.

ஆனாலும் அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "பத்திரம் ரெடியா இருக்கு, வந்து ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போ" என்றுதான் சொன்னேன். வீடு எனக்கு, வயல் தம்பிக்கு என்று நாங்கள் இரண்டு பேரும் ஏற்கனவே பேசி முடித்திருந்தோம்.

அந்தப் பத்திரத்தில் நான் எழுதியிருந்ததைப் பாருங்கள்: கல்யாணத்தின்போதே எனக்குச் சேர வேண்டியதெல்லாம் செய்து தந்துவிட்டபடியாலும், உடன்பிறந்தவர்கள் மேல் உள்ள அன்பினாலும், யாருடைய தூண்டுதலும் இல்லாமல், என் முழு மனதோடு... முழு மனது! அவள் மனதை நான் எங்கே பார்த்தேன்? அவள் பெயரில் அவள் மனதை நான்தான் எழுதினேன்.

அக்கா வாசித்துக்கூடப் பார்க்கவில்லை. தம்பி வக்கீல். பேனாவை வாங்கினாள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அரங்குல என் டிரங்குப் பெட்டி கிடக்குல்லா. அதை இனி எடுத்துட்டுப் போயிரணுமோடே?"

"அது பாட்டுக்குக் கிடக்கட்டும் அக்கா, அது என்ன சோறா திங்குது?" என்று சிரித்தேன். அவளும் சிரித்தாள். கையெழுத்துப் போட்டாள். பதிவு முடிந்து எல்லோருமாக ஓட்டலில் காப்பி குடித்தோம்.

அடுத்த மாசம் வந்தபோது அவள் அந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பள்ளிக்கூட நோட்டு, ஒரு தாவணி, பல்லாங்குழி, அம்மா தந்த பித்தளைச் செம்பு. அவ்வளவுதான் அதில் இருந்தது. நான் அதைக் கவனிக்கவே இல்லை. இந்த நாற்பத்துச் சொச்சம் வருஷத்தில் இப்போதுதான், அரங்கில் உட்கார்ந்து பத்திரத்தை வாசித்தபோதுதான், அந்தப் பெட்டி இருந்த மூலையைத் திரும்பிப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு அக்கா இந்த வீட்டில் ஒரு ராத்திரி தங்கியதாக நினைவில்லை. மார்கழியில் சுசீந்திரம் தேரோட்டத்துக்குத் தவறாமல் வருவாள். கையில் ஏத்தங்காய் உப்பேரியோ முந்திரிக்கொத்தோ இருக்கும். தேர் நிலைக்கு வந்ததும் சாயங்கால பஸ்ஸைப் பிடித்துவிடுவாள். 1997-ல் அத்தான் போனார். அப்போதும் வரவில்லை. "மகன் கூட இருக்கேன், எனக்கென்ன" என்றாள். மகன் அப்போது வாடகை வீட்டில் இருந்தான். இரண்டு முறி. அதையும் நான் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். பார்த்துவிட்டு, பழம் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது மனைவியிடம் இதைச் சொன்னேன். கொஞ்சம் ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மோரை ஊற்றிக்கொண்டே சொன்னாள்:

"எங்க அண்ணமாருக்கு நான் போட்டுக் குடுத்த பத்திரத்தையும் நீங்கதானே திருத்திக் குடுத்தீங்க? அது ஞாபகம் வரலையாக்கும்?"

வரவில்லை. உண்மையாகவே வரவில்லை. 1991-ல் நடந்தது. ஒரு கமா விட்டுப்போனதைக்கூடக் கண்டுபிடித்துத் திருத்தியிருப்பேன். உனக்கு இதில் சம்மதமா என்று அவளைக் கேட்டிருக்க மாட்டேன்.

சட்டம் என்னவோ தன் பாட்டுக்கு நடந்துகொண்டுதான் இருந்தது. பூர்வீகச் சொத்தில் பிறப்பால் வரும் உரிமை மகனுக்கு மட்டும் என்று இருந்ததை, தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் மகளுக்கும் உண்டு என்று மாற்றினார்கள். அதற்கு முன்பே கல்யாணம் ஆனவர்களுக்கு இல்லை என்று ஒரு முட்டுக்கட்டை இருந்தது. 2005 செப்டம்பர் 9-ல் மத்தியச் சட்டத் திருத்தம் அதையும் தூக்கியது. குடியிருக்கும் வீட்டை ஆண்மக்கள் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை மகள் பாகம் கேட்க முடியாது என்றிருந்த 23-ஆம் பிரிவும் அத்தோடு போனது. அந்த 2005 தேதியில் அப்பா உயிரோடு இருந்தாரா இல்லையா என்று பார்க்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்ட் 11-ல் உச்ச நீதிமன்றம் அடித்துச் சொல்லிவிட்டது. ஒவ்வொரு தடவையும் நான் ஜூனியர்களுக்கு வகுப்பு எடுத்தேன். ஒரு தடவைகூட அக்காவுக்கு போன் செய்யவில்லை.

யோசித்துப் பார்த்தால் வேடிக்கைதான். நூறு வருஷத்துக்கு முன் எங்கள் குடும்பத்தில் அக்காவின் பிள்ளைகளுக்குத்தான் எல்லாச் சொத்தும். என் தலைமுறையில் அக்காவுக்கே ஒன்றும் இல்லை. இரண்டு காலத்திலும் அநியாயம் என்னவோ பெண் தலையில்தான் விடிந்தது. அன்று மனைவி படியிறங்கினாள். பிறகு அக்கா படியிறங்கினாள்.

மறுநாள் மகளுக்கு போன் செய்தேன். அண்ணன் சொன்னதைச் சொன்னேன். யோசிக்கவே இல்லை அவள்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்ப்பா. வீட்டை அண்ணனுக்கே எழுதிருங்க. எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போடுறேன்."

அந்தக் குரல் எனக்குத் தெரியும். 1983-ல் பேனாவைக் கையில் வாங்கும்போது அக்காவுக்கு இருந்த அதே குரல். வேண்டாம் என்று சொன்னால்தான் வீட்டில் எல்லோர் முகமும் மலரும் என்று சின்ன வயசிலேயே தெரிந்துகொண்டவர்களின் குரல்.

"உயிரோடு இருக்கிற அப்பன் சொத்துக்கு மகள் விடுதலை எழுதறதுல அர்த்தமே இல்லம்மா. இது நான் சம்பாதிச்சதும் எனக்குச் சேர்ந்ததும். நான் இருக்கிறவரை உனக்கும் பாத்தியம் இல்ல, அண்ணனுக்கும் இல்ல. இல்லாத ஒண்ணை நீ எப்படி விட்டுக்குடுப்ப? நான் ஆளுக்குப் பாதியா உயில் எழுதறேன். முதல்ல உன் கைக்கு வரட்டும். அதுக்குப் பிறகு அண்ணனுக்குக் குடுக்கணும்னு தோணிச்சுன்னா நீ குடு. அதுதான் குடுக்கறது" என்றேன்.

போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு மெல்லக் கேட்டாள்:

"அப்போ அந்தக் கிணத்தடிப் பக்கம் எனக்கு வருமாப்பா?"

பாருங்கள், ஒன்றும் வேண்டாம் என்றவளுக்கு எந்தப் பக்கம் வேண்டும் என்பதுகூடத் தெரிந்திருக்கிறது!

மகனிடமும் சொன்னேன். "நான் வம்பு வரக்கூடாதுன்னுதான்ப்பா சொன்னேன். அவளுக்குக் குடுக்கக்கூடாதுன்னா சொன்னேன்?" என்றான். அவன் சொன்னதும் நிஜம்தான். அந்த இரண்டும் ஒன்றாகிப் போவது எப்படி என்று அவனுக்கு இதுவரை யாரும் சொல்லித் தரவில்லை. வக்கீல் அப்பாகூட.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். வயசு எழுபத்தொன்பது. காது கொஞ்சம் மந்தம், மற்றபடி திடம். மகன் இப்போது சொந்த வீடு கட்டிவிட்டான். உள்ளித் தீயலும் சம்பா அரிசிச் சோறும் போட்டாள். சாப்பிட்டு முடித்துப் பத்திர விஷயத்தை எடுத்தேன். தம்பிக்குச் சேர்ந்த வயல் எப்போதோ பிளாட் ஆகி, கன்னிப்பூவும் கும்பப்பூவும் விளைந்த இடத்தில் இப்போது மாடி வீடுகள். அதை நான் ஒன்றும் செய்ய முடியாது. என்னிடம் உள்ள பதினாலு சென்டில் நாலரை சென்டை உன் பேருக்கு எழுதித் தருகிறேன் என்றேன்.

"எனக்கு என்னத்துக்குடே இனி? வீடு போ போங்குது, காடு வா வாங்குது" என்று சிரித்தாள். நான் விடவில்லை. அப்போதுதான் அவள் தலையைக் குனிந்துகொண்டு அந்த விஷயத்தைச் சொன்னாள்.

"நாலு வருசத்துக்கு முன்னால நானும் எம் மகள்கிட்ட கையெழுத்து வாங்கினேன் மக்கா. அவ அப்பா பேருல இருந்த இடம். மகனுக்கு வீடு கட்ட லோன் வேணும்னான். பத்திரம் எழுதுறவரு எப்படி எழுதணும்னு கேட்டாரு. நீ எழுதுனியே, அந்தப் பத்திரத்து நகலைத்தான் குடுத்தேன். வக்கீலு எழுதினது தப்பா இருக்காதுல்லா."

எனக்குப் பேச்சு வரவில்லை. என் வாசகம். அதே அன்பினால், அதே முழு மனதோடு. நாற்பது வருஷம் கழித்து அக்காவின் மகள் பெயரில். வக்கீல் தொழிலில் நான் எத்தனையோ வழக்கு ஜெயித்திருக்கிறேன், தோற்றிருக்கிறேன். நான் எழுதியதில் அதிக காலம் உயிரோடு இருந்தது இதுதான் போலிருக்கிறது.

கடைசியில் அக்காவே வழி சொன்னாள். "எனக்குத் தாறேன்னா தா. ஆனா எனக்குப் பிறகு எம் மகளுக்குன்னு எழுது. மகனுக்கு இல்ல." அப்படியே எழுதினோம். அக்கா இருக்கிற வரை அனுபவம் அவளுக்கு, பிறகு மகளுக்கு முழு உரிமை என்று ஒரு தான செட்டில்மென்ட். மிச்சம் உள்ள ஒன்பதரை சென்ட்தான் என் பிள்ளைகள் இருவருக்கும் உயிலில். இந்தத் தடவை பத்திரத்தை வரிவரியாக அக்காவுக்குச் சத்தம் போட்டு வாசித்துக் காட்டினேன். 'அன்பினால்' என்ற சொல் வந்த இடத்தில் "அது எதுக்குடே, எடுத்துரு" என்றாள். எடுத்துவிட்டேன். 'உரிமைப்பட்ட பங்குக்கு ஈடாக' என்று போட்டேன்.

இதை வாசிக்கிற பெண்களுக்கு ஒரு பழைய வக்கீலாக மூன்று விஷயம் மட்டும் சொல்கிறேன். ஒன்று, எந்தப் பத்திரத்திலும் அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள். நகலை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய், ஒரு ராத்திரி வைத்திருந்து வாசியுங்கள். இரண்டு, அப்பா உயிரோடு இருக்கும்போது, அவர் சொந்தச் சொத்தில் பிற்காலத்தில் வரப்போகும் பங்கை இப்போதே விட்டுக் கொடுப்பதாக யாராவது எழுதி வாங்க வந்தால், சட்டம் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் பேனாவை எடுக்காதீர்கள். மூன்று, வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று கவலை வேண்டாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு. ஒவ்வொரு மாவட்ட கோர்ட்டிலும் அதற்கென்று சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்கும் கூப்பிடலாம்.

அண்ணன் தம்பிமாருக்கு ஒன்றே ஒன்று. அக்கா தங்கை விட்டுக் கொடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கொடுக்கட்டும், அது அவர்கள் பெருந்தன்மை. ஆனால் முதலில் அவர்கள் கையில் வைத்துவிட்டுக் கேளுங்கள். கையில் வராததைக் கொடு என்று கேட்டு வாங்குவதற்கு வேறு பெயர்.

பதிவு முடிந்த மறுவாரம் அக்கா ஆட்டோவில் வந்து இறங்கினாள். நாலு நாள் இருக்கலாம் என்று வந்தவள். இன்றோடு பதினோரு நாள் ஆகிறது. வந்த அன்றே அடுக்களையில் உப்புச் சாடியின் இடம் மாறிவிட்டது. தீயலுக்குத் தேங்காயை இவ்வளவு கறுக்க வறுக்கலாமா கூடாதா என்று அவளுக்கும் என் மனைவிக்கும் காலையிலிருந்து வழக்கு நடக்கிறது. இரண்டு பக்கமும் என்னை நீதிபதியாகக் கூப்பிடுகிறார்கள். நான் படிப்புரையில் உட்கார்ந்து, காது கேட்காதவன்போல இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

விருந்துக்கு வந்தவள் உப்புச் சாடியை இடம் மாற்ற மாட்டாள். அரங்கின் மூலையைக் காலையில் எட்டிப் பார்த்தேன். டிரங்குப் பெட்டி வந்திருக்கிறது.